முறத்துக்கு முன்னால் ஓடிய இஞ்சின்

எழுபதுகளின் கடைசியில், போடியில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலை பார்த்தேன். வேலை கைக்குத்தான், வாய் சும்மாதான் இருக்கும். முறத்தோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் நாங்கள் அடுத்த வீட்டுச் சண்டையைப் பேசினால் மேஸ்திரி கண்டுகொள்ள மாட்டார். நான் ரயில் இஞ்சின் கதை சொன்னதுதான் அவருக்கு ஆகவில்லை.

ஏதோ எஸ்டேட் பங்களாவிலிருந்து பழைய பேப்பர் கடைக்கு வந்து, அங்கே நான் வாங்கிய ஓர் இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்த கதை அது. விக்டோரியா ராணி காலத்து எக்ஸ்பிரஸ் இஞ்சின்களின் வரலாறு. பத்தாவது படித்த திமிரில் அகராதியை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதில் ஒரு ரகம் என்னைப் பிடித்துக்கொண்டது. வண்டியை இழுக்கிற சக்கரம் ஒரே ஒரு ஜோடிதான், ஆனால் ஆள் உயரத்தைவிடப் பெரிது. லேசான வண்டியென்றால் பறக்கும். பெட்டிகள் கனத்தபோது, ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. இனி இது உதவாது என்று கட்டுவதையே விட்டுவிட்டார்கள்.

இதைச் சொன்ன அன்று, குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டில் சில வருடம் சுமை தூக்கிவிட்டு எங்கள் ஸ்டோருக்கு வேலைக்கு வந்திருந்த ஓர் அக்கா கேட்டாள். "மழையில வழுக்குற பாதைக்கு நாங்க சாம்பலத் தூவிட்டுத்தான எறங்குவோம். அவுக மண்ண அள்ளிப் போட வேண்டியதுதான?"

"போட்டாகக்கா. கொழா வழியா தண்டவாளத்துல கொட்டுனாக."

"அட கூறுகெட்டவுகளா! ஓடுற வண்டியில கொட்டுனா காத்து விடுமா?" முறத்தைத் தூக்கி ஒரு புடை புடைத்தாள். தூசி பறந்தது, காய் நின்றது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. புத்தகத்தில் அடுத்த பக்கமே அதுதான். மணல் காற்றோடு போய்க்கொண்டிருந்தது. பிறகுதான் நீராவியைக் கொண்டே அதைச் சக்கரத்தின் அடியில் பீய்ச்ச ஒரு வழி கண்டார்கள். செத்துப்போனதாக நினைத்த ரகத்தை மறுபடியும் புதிதாகக் கட்டினார்கள்.

மேஸ்திரி வந்து நின்றார். "பொம்பளைகளுக்கு இஞ்சின் எதுக்கு? நாளைக்கும் இதே பேச்சுன்னா சோலிக்கு வராத."

வீட்டில் என் கூலியை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிட அதிகம். இஞ்சினியர்கள் வருடக்கணக்கில் திண்டாடியதை ஒரே புடையில் காட்டியவளுக்கா இஞ்சின் எதற்கு?

மறுநாள் எல்லோரும் குனிந்து காயையே பொறுக்கிக்கொண்டிருந்தோம். மேஸ்திரி வாசலிலேயே நின்றார். அந்த அக்காதான் தலையைத் தூக்காமல் கேட்டாள்: "பெறகு என்னாச்சு புள்ள?"

வாசல் வரை கேட்கும்படி சொன்னேன். புது இஞ்சின்கள் எப்படிப் பறந்தன, பெட்டிகள் மறுபடி கனத்ததும் எப்படி ஒவ்வொன்றாக உடைத்துப் போட்டார்கள், எல்லாவற்றையும். மேஸ்திரி இரண்டு தடவை அதட்டினார். நான் நிறுத்தவில்லை. கதை முடிந்ததும் நானே எழுந்து முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே நடந்தேன்.

பத்து நாள் வீட்டில் கஞ்சிதான். பிறகு வேறொரு ஸ்டோரில் வேலை கிடைத்தது. உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன்: "ஆள் ஒசரத்துக்கு மேல ஒரு சக்கரம் பாத்திருக்கியா?"