எஸ்தர் கேட்கச் சொன்ன கேள்வி

காலை வேலை தொடங்கும் நேரத்தில் எஸ்தரின் தம்பி தண்டலத்திலிருந்து வந்து ரத்த வங்கி வாசலில் நின்றார். "அக்கா போய்ட்டாங்க" என்றார். இந்த ரத்த வங்கியில் எஸ்தரோடு வேலை பார்த்த உங்களுக்கு, என் கை உடனே எஸ்தரின் காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டது ஏன் என்று புரியும்.

1991 தொடக்கத்தில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நாங்கள் பொட்டு வைத்துக் கொண்டாடினோம். எஸ்தர் மட்டும் பெரிய டாக்டரிடம் போய், வாரம் ஒருமுறை அதை நிறுத்திவிட்டு வேலை செய்து பழக வேண்டும் என்றார்.

"ஓட்டறதுக்குத்தானேம்மா வாங்கினோம்?"

"ஓடறப்ப எல்லாருக்கும் வேல தெரியும் சார். நின்னா யார் இன்னா செய்யணும்னு இப்பவே பார்த்துக்கலாம்."

டாக்டர் சிரித்துச் சம்மதித்தார். நான்தான் முணுமுணுத்தேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் ஒரு மதியம் கம்ப்யூட்டர் தானாகவே நின்றது. அப்போது பிள்ளைப்பாக்கத்துப் பெண் ஒருத்திக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு. அவளுடைய பழைய விவரமெல்லாம் கம்ப்யூட்டருக்குள். பழகியபடி நான் சோதனைக் குழாய்களை எடுத்தேன். எஸ்தர் வெளியே போய் அவள் கணவனிடம் பேசினார்.

"ரத்தம் கீதுன்றீங்க, குடுக்க மாட்டேன்றீங்களே மேடம்" என்று அவன் அழுதான்.

"குடுக்கறேன் தம்பி. இதுக்கு முன்னாடி எப்பனா ரத்தம் ஏத்தினாங்களா?"

"மூத்த புள்ள பொறந்தப்ப இவளுக்கு ஏத்தினாங்க. குளிர் வந்து ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுது."

எஸ்தர் உள்ளே ஓடி வந்தார். "முன்ன ஏத்தின ரத்தம் அவளுக்கு ஒத்துக்கல. குரூப் ஒண்ணா இருந்தா மட்டும் போதாதுடி. ஒவ்வொரு பையையும் அவ ரத்தத்தோட முழுசா சேர்த்துப் பாரு."

முதல் பையிலிருந்து எடுத்த துளி, குழாயில் அவள் ரத்தத்தோடு சேர்ந்ததும் திரிந்தது. அடுத்ததும் அப்படியே. ரத்தம் கேட்டு டாக்டர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். "சலைன் ஏத்திக்கினே இருக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு எஸ்தர் அசையாமல் நின்றார். அதற்கடுத்த பை ஒத்துப்போனது. அந்தப் பெண் பிழைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு எஸ்தர் ஸ்டூலில் உட்கார்ந்து, "பயந்துட்டேன்டி" என்றார். இருவரும் ஒரே தம்ளரில் டீ குடித்தோம்.

சில வாரங்களிலேயே எஸ்தருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. போன மாதம் அவருக்கு ஏற்ற வேண்டிய பையை நான்தான் வார்டுக்குக் கொண்டுபோனேன். நோயாளியின் பெயரை நாம் சொல்லி ஆமாவா என்று கேட்கக் கூடாது, அவர்களே சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் தோழியிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை.

"கேளுடி."

"உங்க பேர் என்னங்க?"

"எஸ்தர். அப்பா பேரு தேவராஜ். ஊரு தண்டலம்." சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

இன்று சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் மூச்சு வாங்கி மெதுவாகச் சொன்னார். நான் எடுத்துக் கொடுக்காமல், அவரே முழுப் பெயரையும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் காத்திருப்பைத்தான்.