அவர் திறந்துவிட்ட தண்ணீர்

எங்கள் சட்டமன்ற உறுப்பினர் மேடையில் பேசி வளர்ந்தவர் அல்ல. துக்க வீடுகளில் அழுது வளர்ந்தவர். அவர் பெயரும் தொகுதியின் பெயரும் வேண்டாம். மதுரைக்கு மேற்கே வாய்க்கால் பாசன ஊர்களில் ஒன்று என்றால் போதும். ஒன்றியக் கவுன்சிலராக நின்ற காலத்திலிருந்தே எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் மாலையோடு வந்துவிடுவார். தெருமுனையில் காரை நிறுத்திச் செருப்பைக் கழற்றுவார். பிணத்தின் காலைத் தொடுவார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார். அந்தக் குலுக்கலில் கண்ணீர் இருந்து நான் பார்த்ததில்லை. செத்தவர் பெயரை உதவியாளர் காரில் வரும்போதுதான் சொல்லிக்கொடுக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் ஓட்டுப் போட்டார்கள்.

“நம்ம தெருவுல வேற எவன்யா செருப்பக் கழட்டிட்டு நடந்தான்?” என்பார் என் தாய்மாமன். உறுப்பினரின் கட்சிக்கு எங்கள் தெருக் கிளைச் செயலாளர் அவர்தான்.

முதல் தேர்தலில் ஒரு கட்சி, அடுத்ததில் சுயேச்சை, மூன்றாவதில் எதிர்க்கட்சி. துண்டின் கரைதான் மாறியது, அழுகை அப்படியே இருந்தது. இதிலிருந்து எங்கள் தெருவில் ஒரு வழக்கமும் முளைத்தது: அவர் மாலை விழாமல் பிணத்தைத் தூக்குவதில்லை.

எங்கள் தெருவுக்கும் எங்கள் மயானத்துக்கும் நடுவே வாய்க்கால் ஓடுகிறது. ஊர்த்தெரு வழியாகச் சுற்றிப்போகத் தார்ரோடு உண்டு. எங்கள் தெருப் பிணம் அந்த ரோட்டில் போனதில்லை, போக விட்டதில்லை. வாய்க்காலுக்கு ஒரு சின்னப் பாலம் போட்டால் தீர்ந்துவிடும். முதல் தேர்தலுக்கு முன்பும் மூன்றாவது தேர்தலுக்கு முன்பும் அந்தப் பாலத்துக்கு அவரே அடிக்கல் நாட்டினார். அக்கரையில் பாதைக்கு வேண்டிய நிலம் அவருடைய சம்பந்தி நிலம். அதனால் கல்லோடு நின்றது. அவர் ஒருபோதும் முடியாது என்று சொன்னதில்லை. “செஞ்சிருவம்ணே” என்பார். எந்தப் பிணத்தோடும் தெருமுனையைத் தாண்டி நடந்ததுமில்லை.

என் அப்பா இறந்தது ஒரு கார்த்திகையில், அடைமழைக்கு மறுநாள். கழுத்தளவுத் தண்ணீரில் அவரைக் கொண்டுபோனார்கள். பெண்கள் கரையில் நின்று பார்த்தார்கள். அம்மா அன்று பார்த்ததை அதன்பின் மறக்கவில்லை. மதுரை கோச்சடையில் என் வீட்டுக்கு வந்து இருந்த நாட்களிலும், வாரத்துக்கு ஒருமுறையாவது, “என்னையத் தண்ணிக்குள்ள கொண்டு போயிராதடா. தரையில கொண்டு போ” என்பாள். வேறு எதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

அம்மா இறந்தது புரட்டாசியில், ஒரு வெள்ளிக்கிழமை விடியலில். அந்த வருடம் பாசனத்துக்கு இன்னும் தண்ணீர் விடவில்லை. ஊர் வந்ததும் நான் முதலில் போய்ப் பார்த்தது வாய்க்காலைத்தான். புழுதி பறந்தது. ஆடுகள் உள்ளே இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. அழுகைக்கு நடுவிலும் மனம் லேசானது.

வெயில் ஏறுவதற்குள் நீர்மாலை முடிந்தது. மாமா பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தினார். தூக்க வேண்டியதுதான் பாக்கி. மதியம் ஆகியும் மாமா கையில் போனோடு குறுக்கே நின்றார்.

“பத்து நிமிசம் மாப்ள. கெளம்பிட்டாராம்.”

பாடை கட்டிய பங்காளி ஒருவன் சாமியானா நிழலில் சாய்ந்திருந்தான். “இதே பத்து நிமிசத்தக் காலையில சொன்னீக மாமா. அது இந்நேரம் வயசுக்கே வந்திருக்கும்” என்றான். சாவு வீட்டிலும் சிரித்தார்கள்.

சற்று நேரத்தில் அவனே தன் போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். “அண்ணே, அவரு எங்க இருக்காரு பாருங்க.” திரையில் ஓடிய நேரலையில் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் எங்கள் வாய்க்காலின் மேல மதகில் நின்று தண்ணீரில் பூத்தூவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதிகாரிகள். கையெடுத்துக் கும்பிட்டபடி சிரிப்பு வேறு.

“மாமா, தண்ணி தெறந்துட்டாங்க. இப்பத் தூக்குனாத் தரையில போயிரலாம்” என்றேன்.

“அட, இம்புட்டுத் தூரம் வரணும்ல? காஞ்சு கெடக்குற வாய்க்கா, குடிச்சுக் குடிச்சு வரச் சாயங்காலமாயிரும். அவரு மால விழாமத் தூக்குனா நாளைக்கு எந்த மொகத்த வச்சுக்கிட்டு அவருகிட்டப் போயி நிக்க?”

“எங்கம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு மாமா.”

“எனக்கு அக்கா இல்லையாடா அது?”

வாய்க்கால் கணக்கு மாமாவுக்குப் பழைய கணக்கு. புல்லும் சேறும் மண்டிக் கிடந்த காலத்தில் அது சரி. அந்தக் கோடையில்தான் தூர்வாரியிருந்தார்கள். அதையும் நம் உறுப்பினர்தான் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார்.

ஆடு மேய்த்தவன் ஓடிவந்தான். “தண்ணி வந்துருச்சு!”

“அவரு?” என்றார் மாமா.

“அவரு வரல.”

அவசர அவசரமாகத் தூக்கினோம். போய்ச் சேர்ந்தபோது இடுப்பளவு. நடுவாய்க்காலில் மார்பளவு. பாடையைத் தலைக்கு மேல் ஏந்திப் போனவர்களில் ஒருவனுக்குப் புதுச்சேற்றில் கால் வழுக்கியது. கால்மாட்டுப் பக்கம் முங்கி எழுந்தது. மாமா போர்த்திய கோடியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே வந்தது. குழிக்குள் இறக்கும்போதும் அம்மா நனைந்துதான் இருந்தாள்.

திரும்பி வந்தபோது அவர் வந்திருந்தார். ஐஸ்பெட்டி இருந்த இடத்துக்கு எதிரே நாற்காலியில் குலுங்கிக்கொண்டிருந்தார். மடியில் மாலை. என்னைக் கண்டதும் எழுந்து கட்டிப்பிடித்தார். அவருடைய வெள்ளைச் சட்டையில் சேறு அப்பியது.

“என்னண்ணே, இப்படி நனைஞ்சிருக்கீக?”

“நீங்க தெறந்துவிட்ட தண்ணிதாண்ணே.”

அவர் என்னை விட்டு விலகி உதவியாளரிடம் திரும்பினார். “அந்தப் பாலத்த எனக்கு ஞாபகப்படுத்துப்பா” என்றார். உதவியாளர் தலையாட்டிவிட்டு என் காதருகே வந்தார். “அண்ணே, காஞ்ச சட்டை ஒண்ணு மாட்டிட்டு வாங்க. போட்டோவுக்கு நல்லா இருக்காது.” நான் மாற்றவில்லை. படமும் எடுக்கவில்லை. மறுநாள் நாளிதழில் மதகில் பூத்தூவிய படம் மட்டும் வந்தது.

அடுத்து எங்கள் தெருவில் சாவு விழுந்தது மாசியில். மாமாவின் போன் அடித்தது, உறுப்பினரின் உதவியாளர். எடுத்து, “இல்லண்ணே, தூக்கியாச்சு” என்றார். பாடை அப்போது வாசலில்தான் இருந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, “என்னடா பாக்குறீக, தூக்குங்க” என்று தானே பாடையின் முன்பக்கத்தைப் பிடித்தார்.

அதன்பின் நாங்கள் யாருக்காகவும் பிணத்தை வைத்திருப்பதில்லை. பாலம் வரவில்லை; வாய்க்கால் காய்ந்திருந்தால் தரையில், இல்லாவிட்டால் தண்ணீரில். அவர் நாலாவது தேர்தலிலும் வென்றார். இப்போதும் மாலையோடு வருகிறார். பிணம் போய், பெண்கள் கழுவிவிட்ட வாசல் ஈரத்தில் நாற்காலி போடச் சொல்லி, எதிரே யாரும் இல்லாமல் குலுங்கிவிட்டுப் போகிறார்.