திறக்காத கொரியப் பக்கம்

சின்னம்மாவின் அழைப்பு பெரிய வியாழன் காலையில் வந்தது. அம்மாவும் நானும் அப்போது ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் நாலாம் மாடியில் குடியிருந்தோம். அம்மாவின் தங்கையான சின்னம்மா மன்னாரில் இருந்தார். அவருடைய ஒரே மகன், எனக்குத் தம்பி முறையானவன், தென்கொரியாவின் கடற்கரை நகரம் ஒன்றில் கப்பல்களுக்கு இரும்புப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குப் போயிருந்தான்.

அம்மா தொலைபேசியின் ஒலிபெருக்கியை அழுத்தியிருந்ததால் சின்னம்மாவின் குரல் குசினி அடுப்படியில் நின்ற எனக்கும் கேட்டது.

"அக்கா, அவன்ரை கொம்பனியிலை நெருப்புப் பிடிச்சிட்டுதாம். அங்கை நிக்கிற வேறை ஒரு பொடியன் தன்ரை வீட்டுக்குச் சொன்னவனாம். இவன்ரை போன் வேலை செய்யுதில்லை. நான் என்ன செய்ய?"

"நீ அழாதை. இவள் கொம்பியூட்டர் படிச்சவளெல்லே. இப்ப பாத்துச் சொல்லுவாள்," என்று சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்தார்.

நான் போய்க் கணினியைப் போட்டேன். வீட்டில் இருந்த கணினியில் விண்டோஸ் கிடையாது. நான் லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம் பாவித்தேன். அதிலும் வெறுமனே பாவிக்கவில்லை. பல நாடுகளில் இருந்த தமிழர் சிலர் சேர்ந்து அதன் பட்டியல்களையும் அறிவித்தல்களையும் தமிழாக்கி வந்தோம். வேலை முடிந்து வந்து ஒவ்வொரு சொல்லுக்கும் மின்னஞ்சலில் சண்டை பிடிப்போம். என் திரை தமிழில் பேசியது. அதில் எனக்குச் சற்றுத் தலைக்கனமும் இருந்தது.

தொழிற்சாலையின் தொலைபேசி மணி அடித்தபடியே இருந்தது, எவரும் எடுக்கவில்லை. ஒஸ்லோவில் இருந்த கொரியத் தூதரகம் ஈஸ்டர் விடுமுறைக்குப் பூட்டியிருந்தது. என் அலுவலகமும் பூட்டு, நூலகமும் பூட்டு. ஈஸ்டர் கிழமையில் நோர்வேஜியர்கள் பனிச்சறுக்குப் பலகைகளோடு மலைவீடுகளுக்குப் போய்விடுவார்கள். விண்டோஸ் வைத்திருந்த எங்கள் சொந்தக்காரர் ஒருவரைக் கேட்கலாம் என்றால் அவர் குடும்பத்தோடு பேர்கனுக்குப் போயிருந்தார். இங்குள்ள செய்திகளில் ஒரு வரிதான் கிடைத்தது: கொரியத் தொழிற்சாலையில் தீ, வெளிநாட்டுத் தொழிலாளர் சிலர் பாதிப்பு. 'பாதிப்பு' என்றால் என்ன என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

தம்பி வேலை செய்த நகரத்தின் நகரசபை இணையத்தளத்தைக் கண்டுபிடித்தேன். முதலில் வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன. கொரிய எழுத்துருவை இறக்கி நிறுவியதும் கட்டங்கள் எழுத்துகளாயின. எனக்கு இரண்டும் ஒன்றுதான். மொழிபெயர்க்கும் தளம் ஒன்றில் முகவரியைக் கொடுத்துப் பார்த்தேன். அதற்கும் அந்தப் பக்கத்திற்குள் நுழைய முடியவில்லை. பட்டியலில் எதை அழுத்தினாலும் நடுவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்து நின்றது. அதற்குள் ஒரு வாசகம்: 'இப்பக்கத்தைக் காட்டத் தேவையான செருகுநிரல் இல்லை.'

அது நான் எழுதிய வாசகம். 'ப்ளக்-இன்' என்பதற்குச் 'செருகுநிரல்' சரியா, 'சொருகி' சரியா என்று ஒரு மாதம் வாதாடி வென்றிருந்தேன். அந்த நேரம் அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

"என்ன பிள்ளை, தமிழிலை ஏதோ போட்டிருக்கு. அவங்கள் தமிழிலையும் போட்டிருக்கிறாங்களோ?" அம்மா தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"இல்லையம்மா. அது எங்கடை கொம்பியூட்டர் சொல்லுறது. பக்கம் திறக்குதில்லை எண்டு."

"ஏன் திறக்குதில்லை?"

"அங்கத்தையான் பக்கங்களை விண்டோஸுக்கு மட்டும் செய்து வைச்சிருக்கிறாங்கள்."

எல்லாரையும் போல ஒரு கணினி வைத்திருந்தால் என்ன என்று அம்மா கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் செபமாலையை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார்.

நான் என் இணைய உலாவியைப் பொய் சொல்ல வைத்தேன். தான் விண்டோஸில் ஓடுகிறேன் என்று அது ஒவ்வொரு தளத்துக்கும் சொல்லும்படி மாற்றினேன். அதன் பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே போக முடிந்தது. அங்கே கேள்வி எழுதும் பலகை ஒன்று இருந்தது. எழுத வேண்டுமென்றால் ஏதோ ஓர் இலக்கத்தைக் கேட்டது. பெரிய வெள்ளி காலை, வேறு வழியில்லாமல் என் அலுவலகத் தோழியை அழைத்தேன்.

அவள் கொரியாவில் பிறந்தவள். கைக்குழந்தையாகத் தத்தெடுக்கப்பட்டு பேர்கனுக்கு அருகே நோர்வேஜியத் தாய் தந்தையிடம் வளர்ந்தவள். அந்தக் குளிர் மாரிகாலத்தில்தான் மாலை வகுப்பொன்றில் கொரிய மொழி படிக்கத் தொடங்கியிருந்தாள்.

"எனக்கு எழுத்து மட்டும்தான் தெரியும்," என்றாள் நோர்வேஜிய மொழியில். "சத்தம் போட்டு வாசிப்பேன். கருத்து விளங்காது. என்னை நம்பி இருக்காதே."

"பரவாயில்லை. வா."

நாங்கள் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போய்த் திரும்பியபோது அவள் சுரங்க ரயிலில் வந்திறங்கி எங்கள் வாசலில் நின்றாள். கையில் பாடப்புத்தகமும் சின்ன அகராதியும் இருந்தன. அம்மா அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியிடமிருந்து வந்தவளைப் பார்ப்பதுபோல.

இலக்கம் கேட்ட பலகையைக் காட்டினேன். அவள் விரலால் எழுத்துகளைத் தொட்டு வாசித்துவிட்டு, "இது எனக்குத் தெரியும்," என்றாள். "அந்த நாட்டுக் குடிமக்களின் அடையாள இலக்கம். என்னைப் பெற்றவளைத் தேடப்போனபோதும் சில தளங்கள் இதைத்தான் கேட்டன. நான் அங்கே பிறந்தவள். ஆனால் எனக்கு இலக்கம் இல்லை."

"வேறு வழி இருக்கிறதா?" என்று கேட்டுக் கதிரையை முன்னால் இழுத்தாள்.

இருந்தது ஒரே வழி. சாம்பல் பெட்டியை விட்டுவிட்டு, பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மூலநிரலைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் எனக்கு விளங்காத கட்டளைகள். அவற்றுக்கு நடுவே ஒரு படத்தின் முகவரி கிடந்தது. அதை மட்டும் வெட்டி எடுத்துத் தனியாகத் திறந்தேன். திரை மேலிருந்து கீழாக மெல்ல நிறைந்தது. ஓர் அறிவித்தல். அதைப் படமாகவே போட்டிருந்தார்கள்.

அம்மா எழுந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார்.

தோழி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். முதல் வரி, இரண்டாம் வரி. அவளுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. மூன்றாம் வரியில் "ஸு... ரி... ராங்... கா..." என்றாள்.

"சிறிலங்கா!" என்று அம்மா கத்தினார்.

அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 2 என்ற இலக்கம் தெரிந்தது. "இது ஆட்களை எண்ணும் சொல். இரண்டு பேர்," என்றாள் தோழி. அடுத்த சொல்லில் அவளுடைய விரல் நின்றது. "பு... சாங்."

"அப்படியென்றால்?"

"தெரியாது. படிக்கவில்லை."

அவள் அகராதியைப் புரட்டினாள். அந்த எழுத்து வரிசை அவளுக்கு இன்னும் பழகவில்லை. முன்னுக்குப் போனாள், பின்னுக்கு வந்தாள். உதடுகள் அசைந்தன. அம்மாவின் கை என் தோளை இறுக்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

"காயம்," என்றாள் அவள் கடைசியில். "காயமடைந்தவர்கள். செத்தவர்கள் இல்லை."

பெயர்கள் போடவில்லை. சின்னம்மாவை அழைத்து, இரண்டு சிறிலங்காப் பொடியளுக்குக் காயம், உயிருக்கு ஒன்றுமில்லை என்று சொன்னோம். 'உயிருக்கு ஒன்றுமில்லை' என்பதை அம்மா தானாகச் சேர்த்துக்கொண்டார். அந்தப் படத்தில் அப்படி எதுவும் இருக்கவில்லை. நான் திருத்தவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தார். "பெரியம்மா, நான்தான்," என்று கேட்டதும் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் பேசினேன்.

"எங்கையடா நிக்கிறாய்? காயமோ?"

"இல்லையக்கா. நான் அந்தக் கொம்பனியிலை இல்லை. மாசியிலையே விட்டிட்டு ஓடி வந்திட்டன். இஞ்சை ஒரு மிளகாய்த் தோட்டத்திலை நிக்கிறன். கொம்பனி தந்த போனையும் எறிஞ்சிட்டன். அம்மாவுக்கு வெளியிலையிருந்துதான் எடுக்கிறனான்."

"விசா?"

"கொம்பனியை விட்டா விசாவும் போச்சு அக்கா."

"உன்ரை அம்மா அங்கை சாகிற நிலையிலை இருக்கிறா. அவவுக்கு முதல் எடுத்துச் சொல்லு."

"எடுக்கிறன் அக்கா. விசாக் கதையை மட்டும் நீங்களும் சொல்லாதேங்கோ." பிறகு குரல் உடைந்தது. "காயப்பட்ட ரெண்டு பேரும் என்னோடை ஒரே அறையிலை இருந்தவங்கள். ஆசுப்பத்திரிக்குப் போனா என்னைப் பிடிச்சிடுவாங்கள். அவங்களுக்கு எப்பிடியெண்டு உங்களாலை பாத்துச் சொல்லேலுமோ?"

ஓம் என்றேன். கொரியாவிலேயே இருந்த ஒருவனுக்கு, கொரிய மொழி தெரியாத நான் ஒஸ்லோவில் இருந்து செய்தி பார்த்துச் சொல்லப்போகிறேன். அம்மா உயிர்த்த ஞாயிறுப் பூசைக்கு நன்றி சொல்லப் போனார். எனக்கோ ஒரு பயம் போய் வேறொரு பயம் வந்து உட்கார்ந்திருந்தது.

விடுமுறை முடிந்த பிறகும் தோழி எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அலுவலகத்தில் விண்டோஸ் இருந்தது. ஆனால் பக்கத்தில் ஆட்கள் இருக்கும்போது நகரசபை தொடர்ந்து போட்ட அந்த அறிவித்தல் படங்களைத் திறக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. நான் மூலநிரலைத் தோண்டிப் படத்தை எடுப்பேன், அவள் எழுத்துக் கூட்டுவாள், அம்மா அகராதியைத் திறந்து பிடித்திருப்பார். தம்பி கூப்பிடும்போது கிடைத்ததைச் சொல்வேன். ஒருவன் கை வெந்து ஊருக்குத் திரும்பினான். மற்றவன் தேறி அந்தத் தொழிற்சாலைக்கே வேலைக்குப் போனான். தம்பி மேலும் இரண்டு மிளகாய்ப் போகம் ஒளிந்திருந்து, பிடிபட்டு, கொழும்புக்கு அனுப்பப்பட்டான்.

அவன் வந்திறங்கியபோது போர்நிறுத்தம் முறிந்து மன்னாரில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்தது. "அங்கையே நிண்டிருக்கலாம்," என்று சின்னம்மா தொலைபேசியில் அழுதார். அவன் ஒளிந்திருந்ததையும் பிடிபட்டதையும் சின்னம்மாவுக்கு நாங்கள் சொல்லியிருக்கவில்லை. அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.