படுத்துக் காட்டுபவர்

"விண்ணப்பதாரர் ஆண், வயது ஐம்பத்து மூன்று. நல்ல உடல்வாகு. பரிசோதனைக் கட்டிலில் பிறர் உதவியின்றிப் படுத்தார். பிறர் உதவியின்றி, கைகளை ஊன்றாமல் எழுந்தார். எழும்போது முகம் மலர்ச்சியுடன் காணப்பட்டது. கடுமையான வலிக்குரிய அறிகுறி ஏதுமில்லை. தற்போதைய பணியைத் தொடரத் தகுதியுள்ளவர்."

இப்படி ஒரு மனிதரை நீங்கள் எங்காவது பார்த்தால் அவருடைய மனைவிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். ஆறு வருடமாக அவள் தேடிக்கொண்டிருக்கும் ஆள் அவர்தான்.

அவள் வீட்டில் இருப்பவர் வேறு. அவர் ஜன்னல் திட்டில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவார். செய்தித்தாளின் முதல் பக்கத்தை உட்கார்ந்து படிப்பார், மிச்சத்தை நடந்துகொண்டு படிப்பார். தும்மல் வரும்போல் இருந்தால் வீடே ஸ்தம்பித்துவிடும். அவர் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார், மனைவி குழாயை மூடிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தும்மல் மனசு மாறித் திரும்பிப் போய்விட்டால் இருவரும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார்கள். காலையில் அவர் படுக்கையை விட்டு எழுவதை மட்டும் அவளே பார்த்ததில்லை. அவளை முதலில் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே ஒரு நாற்காலி தரையில் இழுபடும். அப்புறம் வெகுநேரம் சத்தமே இருக்காது. கடைசியில் தலை வாரி, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, வெளியே வந்து நின்று, "இன்னிக்குக் காத்து நல்லா இருக்குல்ல?" என்பார்.

காற்றைப் புகழ்ந்தால் வலி அதிகம் என்று பொருள். வானத்தையும் சேர்த்துப் புகழ்ந்தால் அன்று அவரிடம் யாரும் வாயைக் கொடுக்கக் கூடாது. இந்த அகராதி மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள். மற்றவர் கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்தே பழகியவள்.

இனி அவருடைய தொழில். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் மேல் அவருக்குக் கோபம் வருவதில்லை, ஆகவே தாராளமாகச் சிரிக்கலாம். அவர் மெத்தை விற்பவர். அதிலும் முதுகுவலிக்காரர்களுக்கான மெத்தை.

மெத்தைக் கடையில் ஒரு சங்கடம் உண்டு. படுத்துப் பார்க்காமல் யாரும் மெத்தை வாங்க மாட்டார்கள். ஆனால் தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால், செருப்பைக் கழற்றிவிட்டு, நாலு பேர் முன்னால் மல்லாக்கப் படுக்க யாருக்கும் மனசு வராது. அதனால் விற்பவர் முதலில் படுத்துக் காட்ட வேண்டும். அந்தக் கடையில் அது ஒரு தனிக்கலை. படுத்ததும் கண்ணை மூடி, நீளமாக மூச்சு விட வேண்டும். வாடிக்கையாளருக்கே தூக்கம் வருகிற மாதிரி இருக்க வேண்டும். பிறகு கையை ஊன்றாமல், ஒரே மூச்சில், சிரித்த முகத்தோடு எழ வேண்டும். எழுந்த சூட்டோடு சொல்ல வேண்டியது: "பாத்தீங்களா, எவ்ளோ ஈஸியா இருக்கு!"

"நீ எந்திரிக்கிற அழகுலதான்யா மெத்தை விக்குது," என்பார் முதலாளி. "படுக்குறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான்."

இருபது வருடத்துக்கு மேல் அவர் அப்படி எழுந்தார். கடையில் அவருக்கு 'ஸ்பிரிங்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் எல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது.

வலி எப்போது வந்தது என்று அவரால் சரியாகச் சொல்ல முடியாது. இடுப்பில் ஆரம்பித்தது, பிறகு இடது காலுக்குள் ஒரு சூடான கம்பியாக இறங்கிக் குடியேறியது. ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள். பெரிதாக ஒன்றும் இருந்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. காட்டுவதற்காவது ஏதாவது இருந்திருக்கும். ஊசி, மாத்திரை, பெல்ட் எல்லாம் ஆன பிறகு டாக்டர்கள் அத்தனை பேரும் முடிவில் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: நல்ல மெத்தையாக ஒன்று வாங்கிப் படுங்கள். அவர்களில் ஒருவர் எந்தக் கடையில் வாங்கலாம் என்றும் எழுதிக் கொடுத்தார். அது இவருடைய கடைதான்.

வலியோடேயே சில வருடம் படுத்துக் காட்டினார். வாடிக்கையாளர் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் ஒருநாள் காட்சி மெத்தையில் படுத்தவர், கடை மூடும் வரை அங்கேயே கிடந்தார். வந்தவர்கள் அடடா எவ்வளவு சுகமான மெத்தை என்று வியந்தார்கள், இரண்டு பேர் அதே ரகத்தை வாங்கியும் போனார்கள். அன்றிலிருந்து சம்பளமில்லா விடுப்பு. முதலாளி கெட்டவர் அல்ல. "உடம்பு முடியாதவங்களுக்கு அரசாங்கம் மாசாமாசம் படி குடுக்குதுல்ல, அதை வாங்கிட்டு நிம்மதியா வீட்ல இருய்யா. கிடைக்கலைன்னா சொல்லு, உன் கட்டில் உனக்குத்தான்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். கேட்ட அன்று சாயங்காலம் இவர் காற்றையும் வானத்தையும் மட்டுமல்ல, எதிர்வீட்டு நாயையும் புகழ்ந்தார்.

ஆக, படி கிடைத்தால் வீடு. கிடைக்காவிட்டால் மறுபடி அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் படுத்து எழுவது.

படிக்கு விண்ணப்பித்துப் பரிசோதனைக்குப் போனார். டாக்டரம்மா இளவயது, மரியாதையானவர். அறையில் ரெக்சின் உறை போட்ட கட்டில், அதன் மேல் காகித விரிப்பு. இவருடைய கை தானாகப் போய்க் கட்டிலை அழுத்திப் பார்த்தது. மட்டமான ஃபோம். "படுங்க," என்றார் டாக்டரம்மா. படுத்தார். கண் தானாக மூடியது, மூச்சு நீளமாக வந்தது. "சரி, எந்திரிங்க."

அப்போது நடந்ததை அவர் செய்தார் என்று சொல்வது நியாயமில்லை. உடம்பு செய்தது. கையை ஊன்றாமல், ஒரே மூச்சில், சிரித்த முகத்தோடு எழுந்து உட்கார்ந்தது. அது போதாதென்று வாயும் தன் பங்குக்கு, "பாத்தீங்களா மேடம், எவ்ளோ ஈஸியா இருக்கு!" என்றது.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

வலி பேருந்து நிறுத்தத்தில்தான் வந்து சேர்ந்தது. நிழற்குடை பெஞ்சில் அவர் படுத்துவிட, உட்கார வந்தவர்கள் குடிகாரன் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். அறிக்கை வீட்டுக்கு வந்த அன்று மனைவி அதை நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"முகம் மலர்ச்சியுடனா?"

"பழக்கம்மா."

"ஆறு வருஷமா இந்த வீட்ல ஒரு தடவை இப்படி எந்திரிச்சிருக்கீங்களா? கட்டின பொண்டாட்டிக்குக் காட்டாத மலர்ச்சியை எவளோ ஒரு டாக்டரம்மாவுக்குக் காட்டிட்டு வந்திருக்கீங்க!"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "இன்னிக்குக் காத்து..."

"காத்துப் பேச்சை எடுத்தீங்கன்னா தெரியும் சேதி!"

மேல்முறையீடு செய்தார்கள். அதற்குள் மனைவியின் அண்ணன் களத்தில் இறங்கிவிட்டார். அவர் தண்ணீர் வாரியத்தில் குமாஸ்தா. ஒருமுறை கணுக்கால் பிசகி ஒரு மாதம் சம்பளத்தோடு விடுப்பு எடுத்தவர். பிசகு மூன்றாம் நாளே சரியாகிவிட்டது, விடுப்பு ஆகவில்லை. வலியில்லாமல் நொண்டத் தெரிந்த ஒருவர் வலியோடும் நொண்டத் தெரியாத ஒருவருக்குப் பாடம் எடுக்கக் கைத்தடியோடு வந்து சேர்ந்தார்.

"மாப்ள, முகத்தைச் சுளிங்க. இன்னும். ஆங், இப்ப ஒரு முனகல்."

ஸ்பிரிங் முனகினார்.

"அண்ணே, இது வலி மாதிரி இல்லையே," என்றாள் மனைவி. "பில்லு போடட்டுமான்னு கேக்குற மாதிரி இருக்கு."

"தடியை ஊனுங்க மாப்ள. குடை மாதிரி ஏன் கையில தொங்கவிடுறீங்க?"

"தரையில கோடு விழும் மச்சான்."

ஒத்திகை சாயங்காலம் வரை நடந்தது. நடுவில் நிஜமாகவே வலி வந்துவிட்டது. அவர் முகம் வெளுத்தது, பேச்சு நின்றது, பிறகு மெல்லச் சிரித்து, உங்க சட்டை கலர் ரொம்ப நல்லா இருக்கு மச்சான் என்றார். மச்சான் குளிர்ந்துபோய், போன மாசம்தான் எடுத்தேன் என்று காலரைத் தொட்டுக் காட்டினார்.

"அண்ணே, போதும். அவரை விடு."

"ஏன்? நல்லாத்தானே இருக்காரு."

"அதான் சொல்றேன். விடு."

விசாரணை நாளன்று மச்சானும் கைத்தடியும் வெளி வராந்தாவில் நின்றுவிட்டார்கள். துணைக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம், அவரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. மனைவியின் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான விதியை யாரும் போட்டதில்லை.

நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், அவர் வலப்பக்கம் ஒரு பெண் மருத்துவர், இடப்பக்கம் குறிப்பெடுப்பவர். மூலையில் அதே மாதிரிக் கட்டில், அதே மாதிரிக் காகிதம்.

"எவ்வளவு ஈஸியா இருக்குன்னு நீங்க சொன்னதா டாக்டரோட குறிப்புல இருக்கு. சொன்னீங்களா?" என்றார் தலைவர்.

"சொன்னேன் சார்."

"ஏன்?"

"தொழில் சார் அது." கடையில் மெத்தை எப்படி விற்பார்கள் என்று விளக்க ஆரம்பித்தார். கொஞ்சம் விளக்கியதும் குரலில் எண்ணெய் போட்ட மாதிரி ஒரு வழுவழுப்பு வந்தது. தலைவர் முன்னால் சாய்ந்தார். தலைவர்களுக்கும் முதுகு உண்டு.

"எனக்குக் காலையில எந்திரிச்சதும் இங்க ஒரு பிடிப்பு. அதுக்கு எந்த மாதிரி வாங்கலாம்?"

கணவர் கண்ணில் வெளிச்சம் வந்ததை மனைவி பார்த்துவிட்டாள்.

"மல்லாக்கப் படுப்பீங்களா, ஒருக்களிச்சா சார்? ஒருக்களிச்சுன்னா ரொம்பக் கெட்டியா வாங்கிடாதீங்க, தோள் தாங்காது." நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, உறை தைப்பது வரை சொன்னார். மூன்று பேரும் கேட்டார்கள், தலைவரும் குறிப்பெடுப்பவரும் சிரித்த முகத்தோடு. குறிப்பெடுப்பவர் எடுத்துக்கொண்டிருந்தது விசாரணைக் குறிப்பா, சொந்தக் குறிப்பா என்று சொல்வதற்கில்லை. இப்படி ஒரு விற்பனையாளனை வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று எந்த மடையன் சொல்வான் என்று மனைவிக்கே தோன்றியது. வாயைத் திறக்கக் கூடாது என்பதால் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியே அந்தக் கட்டில்ல படுத்து, எந்திரிச்சுக் காட்டுங்களேன்," என்றார்.

படுத்தார். கண் மூடியது, மூச்சு நீளமாக வந்தது, முகத்தில் சிரிப்பு வந்து தயாராக உட்கார்ந்தது. தலைவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள்.

"எந்திரிங்க."

வயிற்றுத் தசைகள் இறுகுவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. இடுப்பு ஒரு விரற்கடை உயர்ந்தது. பிறகு அது தாழ்ந்தது.

"இல்ல சார்," என்றார். "முடியல."

அந்தச் சொல்லை அவர் எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும் சொன்னதில்லை. சிரிப்புக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லாததால் அது இன்னும் கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது.

"ஏன், இப்பத்தானே நல்லா..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"கடையில எந்திரிக்கிற மாதிரி எந்திரிச்சா நாளைக்கு எந்திரிக்க மாட்டேன் சார். வீட்ல எந்திரிக்கிற மாதிரி எந்திரிக்கிறேன். கொஞ்சம் நேரமாகும். பரவாயில்லையா?"

மருத்துவர் உதவிக்கு எழுந்தார். "வேணாம் மேடம். பக்கத்துல ஒரு நாற்காலி மட்டும் போடுங்க."

நாற்காலியை மருத்துவரே இழுத்துப் போட்டார். அதன் கால் தரையில் உரசிய சத்தத்தில் மனைவி திரும்பினாள்.

படி கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு. அதன் பிறகு முதுகு மனம் திருந்தியிருக்கிறதா என்று மறுபடி சோதிப்பார்களாம். மெத்தையைப் பற்றித் தலைவர் வராந்தா வரை வந்து இன்னொரு சந்தேகம் கேட்டுப் போனார். மச்சானோ இன்றைக்கும் தண்ணீர் வாரியத்தில் எல்லோரிடமும், "என்னா நடிப்புங்கிறீங்க! எல்லாம் நாம சொல்லிக் குடுத்தது," என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று அந்தக் கட்டிலில் ஸ்பிரிங் நடிக்கவில்லை. ஒருக்களித்தார், கால்களைக் கட்டிலுக்கு வெளியே தள்ளினார், நாலு பேர் பார்க்க முட்டி போட்டார், நாற்காலியில் முழங்கையை ஊன்றி அப்படியே இருந்தார், வலி விட்ட பிறகு எழுந்து நின்றார்.