ரிப்போர்ட்டில் தெரியாத வலி

இடைவேளை முடிந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் பவானேஸ்வரியின் அடிவயிற்றில் ஊசி குத்த ஆரம்பித்துவிட்டது.

புக்கிட் ரம்பாயில் அவள் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் ஒரு லைனுக்கு ஒரு டேக்தான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர் மட்டுமே கழிப்பறைக்குப் போகலாம். டேக் எப்போதும் லைன் லீடர் கணேஸ்வரனின் இடுப்பில் தொங்கும். பவானேஸ்வரி அவனிடம் போய்க் கை நீட்டினாள்.

"மறுபடியுமா? உள்ள போய் டிக்டாக்கா பாக்குறீங்க, அக்கா?"

பெட்டி கட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"நீர்க்கடுப்பு தம்பி."

"டெஸ்ட் கிளீன்னு நீங்கதானே சொன்னீங்க? மேனேஜர் கேட்டா என்னைக் குறை சொல்லக் கூடாதுலா."

'கிளீன்' என்ற அந்தச் சொல்தான் வலியைவிட அவளைப் பயமுறுத்தியது. சிறுநீரில் கிருமி இருந்தவரை மாத்திரை இருந்தது, எம்.சி. என்ற மருத்துவ விடுப்பும் கிடைத்தது. இப்போது வலி மட்டும் மிச்சம். எல்லாம் மனப்பிரமையோ என்று அவளே சந்தேகப்பட்டாள். டேக் கேட்க வேண்டாமே என்று, லைனில் பலரையும்போல வேலை முடியும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டுக்குப் போனால் கணவர் தம்புசாமி, "உடம்பு சூடு" என்று உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை நீட்டுவார். குடித்ததும் எரிச்சல் ஏறும். சூடு வெளியேறுகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

சனிக்கிழமை மருத்துவமனையில் டாக்டர் ராகினி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"கிளீன்தான், அக்கா."

பவானேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மனசுதான் போல, டாக்டர்."

"உக்காருங்க. கிருமி இல்லன்னுதானே சொன்னேன், வலி இல்லன்னா சொன்னேன்? சிறுநீர்ப்பை நிறையும்போது அதோட உள்தோல் ஒரு ரசாயனத்தை விடும். அதுதான் நரம்புக்குச் சேதி. திரும்பத் திரும்ப அழற்சி வந்ததுல, உங்களுக்கு அது அளவுக்கு மீறிச் சுரக்குது போல. நரம்பும் உஷாராவே இருக்கு. கொஞ்சம் நீர் சேந்தாலே கத்துது."

"அப்ப எனக்கு நெஜமாவே வலிக்குதா?"

"நெஜமா."

அவள் எலுமிச்சைத் தண்ணீரைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் முகம் சுளித்தார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார், புளிப்பை நிறுத்தச் சொன்னார். மருந்தும் தொழிற்சாலைக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். சீக்கிரம் சரியாகும் என்று மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் பவானேஸ்வரி தண்ணீர் குடித்தாள். லைனுக்குத் திரும்பிய சற்று நேரத்தில் குத்தல் தொடங்கியது.

"தம்பி, டேக்."

"என்ன சீக்காம்?"

"கிருமி இல்ல. சிறுநீர்ப்பை நரம்பு அளவுக்கு மீறி உஷாரா இருக்கு. லெட்டர் ஆபிஸ்ல குடுத்துட்டேன்."

"ஆபிஸ்ல சொல்லட்டும், அப்புறம் பாப்போம்."

அவன் கை இடுப்புப் பக்கம் போகவே இல்லை. ஆபிஸ் நம்பாவிட்டால்? பவானேஸ்வரி கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நீ ஆபிஸ்ல கேளு. நான் போறேன்."

வெறுங்கழுத்தோடு நடந்தாள். அவள் இடத்தில் பெட்டிகள் தேங்கின. கணேஸ்வரன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இப்போது அந்தக் குரலில் கேலி இல்லை. அவள் திரும்பவில்லை.

கழிப்பறைக் கதவைத் தாழிட்டாள். வேலை போய்விடுமோ என்ற பயம் அப்படியே இருந்தது, வலியும் இருந்தது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"ஆள் இருக்கு," என்றாள் சத்தமாக.