நெல்டா அண்ணி சொன்ன மணி

எங்கள் ஊரில் யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டால், என்ன சமையல் என்று கேட்பதற்கு முன்னால் "எந்த மணி?" என்று கேட்பார்கள். எங்கள் ஃப்ரெடோனியா அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது. ஏழு மைல் தள்ளியிருக்கும் கனாப், பக்கத்து மாநிலமான யூட்டாவைச் சேர்ந்தது. கோடை வந்தால் யூட்டாக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். நாங்கள் அதைத் தொடமாட்டோம். இங்கே ஐந்து என்றால் அங்கே ஆறு. இந்தக் கூத்தில்தான் பிறந்தோம், இதிலேயே கிழவிகளும் ஆகிக்கொண்டிருக்கிறோம்.

நெல்டா அண்ணி என் அண்ணன் டெல்மரின் மனைவி. கனாப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. அவர் சுடும் இலவங்கப்பட்டை ரொட்டிக்காகவே காய்ச்சலோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் உண்டு. வேலை யூட்டா மணியில், வீடு அரிசோனா மணியில் என்பதால் அவருடைய சமையலறைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். அண்ணன் இடதுபக்கத்து அரிசோனாக் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டான். "அது மாப்பிள்ளை வீட்டுக் கடிகாரம்" என்று அண்ணி கேலி செய்வார்.

அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. ஊர்ச் சந்தையில் ஒருமுறை அவருடைய பழப் பணியாரத்துக்கு முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள். மேலே மாவுப் பட்டைகளைப் பின்னியிருந்தது தன் தங்கை என்று மேடையிலேயே சொல்லிப் பரிசு நாடாவைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் மானம் போயிற்று. நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

அப்படிப்பட்டவர் மூன்று வருஷம் இரண்டு முரடர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். ஒருவன் என் அண்ணன். இன்னொருவன் அவர்களுடைய ஒரே மகன் கோல்பி. கோல்பி கனாப்பில் குடியிருக்கிறான். வெளியூர்ப் புகைப்படக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டுபோய், பாலைவனத்துக்குள் அறுபது மைல் மண்பாதைக்கு அப்பால் இருக்கும் கழுதைத் தாடையில் விடியலைக் காட்டுவது அவன் பிழைப்பு. கழுதைத் தாடை என்பது பள்ளத்தாக்கின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் பாறை. அங்கே போகும் பாதை அண்ணனின் மாடுகள் மேயும் நிலத்தின் வழியாகப் போகிறது. ஒருநாள் கோல்பியின் விருந்தாளி ஒருவர் வேலிக் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போனார். மாடுகள் சாலைக்கு வந்தன. அண்ணன் கன்றிலிருந்து வளர்த்த காளையை லாரி அடித்துப் போட்டது.

எங்கள் பக்கத்தில் கொலைக்கு மன்னிப்பு உண்டு, திறந்து விட்ட கேட்டுக்குக் கிடையாது. "கல்லைக் காட்டிப் பொழைக்கிறவனுக்கு மாட்டோட அருமை எங்க தெரியும்! என் வாசப்படி மிதிக்காதே" என்று விருந்தாளிகள் முன்னாலேயே கத்தினான் அண்ணன். "மிதிக்கணும்னு யாரு அழுதா?" என்றான் மகன். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒருவன் முன்வரிசை, ஒருவன் கடைசி வரிசை. அண்ணி நடுவில் தனியாக உட்கார்ந்து பாடுவார்.

போன ஜூனில் அண்ணிக்கும் அண்ணனுக்கும் நாற்பதாவது கல்யாண நாள். "என்னைக் கட்டிக்கொள்கிறாயா" என்று அண்ணன் அண்ணியிடம் கேட்டது கழுதைத் தாடையில்தான். அங்கே விடியலில் ஒரு படம், மூன்று பேரும் சேர்ந்து நிற்க வேண்டும். அண்ணி கேட்டது இதைத்தான்.

"அவன் வந்தா நான் வரல" என்றான் அண்ணன். "அவர் வந்தா நான் வரல" என்றான் கோல்பி. அப்பன் வாயை அப்படியே உரித்துவைத்திருக்கிறான்.

அண்ணி கோபப்படவில்லை. அண்ணனிடம் சொன்னார்: "அவன் ஆறு மணிக்கு வர்றான். நாம அஞ்சு மணிக்கு அங்க இருப்போம்." கோல்பிக்கு என் எதிரிலேயே போன் செய்தார்: "அப்பா அஞ்சு மணிக்கு வர்றாருப்பா. நீ ஆறு மணிக்கு வா." இரண்டு பேரும் சரி என்றார்கள். எனக்கும் அப்போது உறைக்கவில்லை. நான் டயர் கடை நடத்துகிறவள், கணக்கில் புலியல்ல.

அன்று இருட்டிலேயே கிளம்பினோம். அண்ணன் பிக்கப் வண்டியை ஓட்ட, அண்ணி பக்கத்தில், நான் பின்சீட்டில் ரொட்டி டப்பாவோடு. மூன்று பேருக்கு டப்பா ரொம்பவே கனத்தது. கேட் வந்ததும் அண்ணி இறங்கித் திறந்தார். விளக்கு வெளிச்சத்தில், கோல்பி அந்தச் சண்டைக்கு மறுவாரமே மாட்டிய பலகை தெரிந்தது: "கேட்டை மூடவும். உள்ளே மேய்வது என் அப்பாவின் மாடுகள்." அண்ணன் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை, கழற்றி எறிந்ததும் இல்லை. பனிக்காலத்துக் காற்றில் ஒருபக்க ஆணி பிடுங்கிக்கொண்டபோது யாரோ புது ஆணி அடித்திருந்தார்கள்.

பள்ளத்தாக்கின் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது கோல்பியின் வெள்ளை வேன் அங்கே நின்றது.

அண்ணன் பிரேக்கை மிதித்தான். "நெல்டா."

"சொல்லுங்க."

"ஆறு மணிக்கு வருவான்னு சொன்னே."

"ஆமா. ஆறு ஆச்சே, கனாப்ல."

நான் பின்னால் இருந்து சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. எஞ்சினை அணைக்காமல், கையை ரிவர்ஸ் கியர்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி கதவைத் திறந்து இறங்கினார்.

"வெளிச்சம் நமக்காக நிக்காது. சண்டையை அப்புறம் போட்டுக்குங்க, அது எங்கயும் போயிடாது" என்று சொல்லிவிட்டு மகனைப் பார்த்து நடந்தார்.

கோல்பி கேமராவை ட்ரைபாட் என்னும் முக்காலியில் மாட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் கை நின்றது. அவனும் போய்விடுவான் என்றுதான் பயந்தேன். அதற்குள் கிழக்கே விளிம்பு சிவந்து, எதிர்ப் பாறைச்சுவரின் உச்சியில் ஒரு வெளிச்சக் கோடு பற்றிக்கொண்டது. கீழே ஆறு இன்னும் இருட்டில் கிடந்தது. இந்த நேரத்தில் அங்கே எழும்பும் காற்றுக்குக் கட்டுப்பாடே கிடையாது. ட்ரைபாட் நடுங்கியது.

"யாராவது காலைப் புடிங்களேன்!" என்று கோல்பி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினான்.

பக்கத்தில் இருந்தவள் நான்தான். முட்டியைத் தடவிக்கொண்டு, குனிய முடியாதவள்போல் நின்றேன். எஞ்சின் அணைந்தது. அண்ணன் வந்தான், மண்டியிட்டான், சூடு போடும்போது கன்றுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி ட்ரைபாடின் காலை இரண்டு கையாலும் பிடித்தான்.

"இறுக்கியா, இல்ல சும்மாவா?" என்றான்.

கோல்பி லென்ஸிலிருந்து தலையை எடுத்து அப்பாவைப் பார்த்தான். பிறகு, "இறுக்கியே புடிங்கப்பா" என்றான்.

கோல்பி அண்ணியை முதலில் தனியாக எடுத்தான். அப்புறம் என் முட்டி திடீரென்று குணமாகி, காலைப் பிடிக்கும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். இந்தக் கனத்த உடம்பு காற்றைத் தாங்கவாவது பயன்படட்டும். கேமராவைத் தானாகவே எடுக்கும்படி வைத்துவிட்டுக் கோல்பியும் ஓடினான்; மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். பின்னால் சுவர் முழுக்க வெளிச்சம் இறங்கியிருந்தது. அந்தப் படத்தில் அண்ணன் வலப்பக்கம் பார்க்கிறான், கோல்பி இடப்பக்கம் பார்க்கிறான், அண்ணி கண்ணை மூடியிருக்கிறார். அதைத்தான் பெரிதாக்கி இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவில் மாட்டியிருக்கிறார்.

பிறகு பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். யாரும் காளையைப் பற்றிப் பேசவில்லை. "கேட்டு மூடியாச்சா?" என்று கோல்பி கேட்டான். "மூடாம வருவோமா?" என்றான் அண்ணன். இருவரும் டப்பாவைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. ஜூனில் சூரியன் எங்கள் மணிக்கு ஐந்தேகாலுக்கு முன்பே வந்துவிடும். எந்தப் படக்காரன் விடியலைப் பிடிக்க எங்கள் மணி ஆறுக்கு வருவான்? இலையுதிர் காலத்தில் அண்ணன் ஒரு டயரோடு என் கடைக்கு வந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஏண்ணே, ஊர்ல வாண்டுப் பயல்கூட எந்த மணின்னு கேப்பான். அன்னிக்கு நீ ஏன் கேக்கல?"

அண்ணன் டயரை உருட்டிச் சுவரில் சாய்த்துவைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பாளே" என்றான்.