பேக்கரிப் பக்கத்துச் சுவர்

சுவரோடு பேசுகிறவள் என்று என் அக்காவை வீட்டில் கேலி செய்வோம். அவள் ஆராய்ச்சியே பூசிய சுவர் எப்படிக் காய்கிறது என்பதுதான். பின்பக்கக் கொட்டகையில் இரண்டு சுவர் எழுப்பி, ஒன்றுக்குச் சிமெண்டும் மற்றதற்குச் சுண்ணாம்பும் பூசி, ஈரம் அளக்கும் கருவியோடு தவம் கிடந்தாள். சுண்ணாம்புதான் சீக்கிரம் காய்ந்தது. அதை எழுதிய முதல் கட்டுரை ஆய்விதழில் அச்சானபோது அப்பா ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார்.

அப்புறம் ஒருநாள் பக்கத்து பேக்கரியில் அடுப்பைப் பழுதுபார்க்க நிறுத்தினார்கள். புதிதாகப் பூசிய சுண்ணாம்பு காய்வேனா என்றது. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் அடுப்பு என்பது அதுவரை அவளுக்கு உறைக்கவே இல்லை. பன் வாசனையை மட்டும் நன்றாக அனுபவித்திருக்கிறாள். சுவர்களை இடம் மாற்றிக் கட்டி, அடுத்த இரண்டு கட்டுரைகளை எழுதினாள்.

அவள் கல்லூரியில், அச்சான மூன்று கட்டுரைகளையே அத்தியாயங்களாக வைத்து ஆய்வேடு கொடுக்கலாம். ஆனால் அச்சானபடியே வைக்க வேண்டும், ஓர் எழுத்தைத் தொடக்கூடாது. முதலாவதை எடுத்தால் இரண்டுதான் மிஞ்சும். இன்னொன்று எழுதி அச்சேற வருஷக்கணக்காகும்.

"பேசாம வெச்சுடு. யாரு கேக்கப் போறாங்க?" என்றேன்.

"நான் கேப்பேனே" என்றாள்.

ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பினாள். ஆய்வேட்டில் முதல் கட்டுரைக்கு அடுத்து ஒரு பக்கம் சேர்த்தாள்: 'இந்த முடிவு தவறு. சுவரை உலர்த்தியது பக்கத்து அடுப்பு. அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதே இனி வருவது.' படித்ததும் எனக்கு, இத்தனை வருஷ உழைப்பை அவளே குழிதோண்டிப் புதைக்கிறாளே என்று கோபம் வந்தது.

வாய்மொழித் தேர்வன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தேர்வாளர் அம்மா நேரே அந்தப் பக்கத்தைத்தான் பிரித்தார்.

"இதை யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"இல்ல மேடம். வேணாம்னுதான் சொன்னாங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த முதல் கட்டுரை, அச்சுக்கு முன்னாடி என்கிட்டதான் மதிப்பீட்டுக்கு வந்துச்சு. பிரமாதம்னு எழுதிக் கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்னன்னு கேக்க எனக்கும் தோணல."

அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு அறையே சிரித்தது. கேள்விகள் நிறைய வந்தன, எதற்கும் அவள் தடுமாறவில்லை. முடிவில் எல்லோரும் எழுந்து "வாழ்த்துகள் டாக்டர்" என்றார்கள். வெளியே வந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

வீட்டு வாசலில் பேக்கரிக்காரர் விஷயம் கேட்டுவிட்டு, "என் அடுப்பைப் பத்தி அதுல இருக்கா?" என்றார்.

"இருக்குண்ணே" என்றாள் அக்கா. "முதல் கட்டுரையில மட்டும்தான் விட்டுப்போச்சு."